அணைத்தாலும் திரும்பி வரும் விளக்கு

காரின் டேஷ்போர்டில் எஞ்சின் வடிவத்தில் மஞ்சளாக எரியும் சிறு விளக்குக்குப் பட்டறைகளில் 'செக் எஞ்சின் லைட்' என்று பெயர். அது எரிந்தால் எஞ்சினுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் வண்டிக்காரர் பதறுவார். ஆனால் அந்த விளக்கை டேஷ்போர்டில் வைக்கச் சொன்ன சட்டத்துக்கு எஞ்சினைப் பற்றி அவ்வளவாகக் கவலை இல்லை. அதன் கவலை ஊர்க் காற்று. குறையில்லாமல் ஓடும் பழைய ஸ்போர்ட்ஸ் காரில்கூட விளக்கு ஏன் மறுபடி மறுபடி எரிகிறது என்பதற்கு விடை, கலிஃபோர்னியாவின் புகை வரலாற்றில் இருக்கிறது.

எஞ்சினைக் காக்கும் விளக்குகள் இந்த மஞ்சள் விளக்குக்கு வெகு முன்பே வந்துவிட்டன. 1930-களில் அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம் ஆயில் அழுத்தத்துக்கும் பேட்டரி சார்ஜுக்கும் இருந்த முள் மீட்டர்களை எடுத்துவிட்டு, சிவப்பு விளக்குகளை வைத்தது. மீட்டரைப் படிக்கத் தெரியாதவருக்கான ஏற்பாடு என்று கேலி செய்து அமெரிக்கர்கள் இவற்றை 'முட்டாள் விளக்கு' என்றார்கள். சிவப்பு விளக்கின் செய்தி எளிது: எரிந்தால் வண்டியை நிறுத்த வேண்டும். மஞ்சள் விளக்கு அத்தனை நேராகப் பேசுவதில்லை. அதன் கதை புகையில் தொடங்குகிறது.

1943 ஜூலை 26 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டம் சூழ்ந்தது. போர்க்காலம் என்பதால், ஜப்பான் விஷவாயுவை ஏவிவிட்டதோ என்றுகூடச் சிலர் அஞ்சினர். அலிசோ தெருவில் இருந்த செயற்கை ரப்பருக்கான ஆலையின் மேல் முதலில் பழி விழுந்தது; ஆலை மூடப்பட்ட பிறகும் மூட்டம் வந்துகொண்டே இருந்தது. உண்மையைக் கண்டவர் கால்டெக் நிறுவனத்தின் வேதியியலர் ஆரி ஹாகன்-ஸ்மித். அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். கார்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து மூட்டமாகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். 1967-இல் சட்டப்படி அமைந்த கலிஃபோர்னியா காற்று வள வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

1975 மாடல் கார்களிலிருந்து அமெரிக்காவில் புகைக்குழாயில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இடம்பிடித்தது. நச்சு வாயுக்களை வினையூக்கியால் மாற்றும் இந்தப் பெட்டியின் அடுத்த தலைமுறை, மூன்று நச்சுகளையும் ஒருசேர மாற்ற வேண்டுமானால், 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கு பிசகக் கூடாது. சாதாரண கார்புரேட்டருக்கு இது கைவராத கணக்கு. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை முகர்ந்து சொல்லும் ஆக்சிஜன் சென்சரை, அதாவது லாம்டா சென்சரை, பாஷ் நிறுவனம் செய்துதர, வால்வோ அதை 1976-இல் கலிஃபோர்னியாவுக்கான கார்களில் பொருத்தியது. சென்சருக்கென்று டேஷ்போர்டில் ஒரு விளக்கும் வந்தது. குறித்த தூரம் ஓடியதும் அது எரியும். சென்சர் நன்றாக இருந்தாலும் எரியும். உள்ளே இருந்தது தூரத்தை எண்ணும் ஓர் எண்ணி மட்டுமே.

கணினி வந்தபின் விளக்குக்குக் கொஞ்சம் அறிவு வந்தது. 1981-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் அமெரிக்கக் கார்களில் எஞ்சின் கணினியைப் பரவலாக வைத்தது. ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டும் தப்பவில்லை. கோளாறு கண்டால் கணினி அதை ஓர் எண்ணாகக் குறித்து வைத்துக்கொண்டு விளக்கை எரிய விடும். படிப்பதற்குக் கருவி தேவையில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் 12 முனை இணைப்பியில் இரண்டு முனைகளைப் பேப்பர் கிளிப்பால் இணைத்து சாவியைத் திருப்பினால் விளக்கு கண்சிமிட்டும். ஒருமுறை, சிறு இடைவெளி, பிறகு இருமுறை: அது 12. கணினி விழித்திருக்கிறது என்று பொருள். அடுத்து வருபவை கோளாறு எண்கள். மஸ்தா மியாட்டாவின் முதல் தலைமுறையில் பானெட்டைத் திறந்து ஒரு சிறு பெட்டியில் வயரை இணைக்க வேண்டும். சில பி.எம்.டபிள்யூ கார்களில் ஆக்சிலரேட்டரை ஐந்து முறை அழுத்தி மிதிக்க வேண்டும். நிறுவனத்துக்கு ஒரு சடங்கு; ஒருவர் எண் மற்றவருக்குப் புரியாது.

கலிஃபோர்னியா வாரியம் 1988 மாடல் முதல் இத்தகைய விளக்கைக் கட்டாயமாக்கியது. ஆனால் அந்த முதல் விதி அறுந்த வயரையும் செத்த சென்சரையும்தான் பிடித்தது. கன்வர்ட்டர் வலுவிழந்து கிடந்தாலும் விளக்கு வாய் திறக்காது. இரண்டாம் விதி 1996 மாடலில் அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. எல்லாக் கார்களுக்கும் ஒரே 16 முனை இணைப்பி, ஒரே எண்முறை. கன்வர்ட்டருக்குப் பின்னால் இரண்டாவது ஆக்சிஜன் சென்சர் வந்தது. கிராங்க் சுழலும் வேகத்தின் நுண்ணிய தடுமாற்றத்தை வைத்து, சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போகும் மிஸ்ஃபயரைக் கண்டுபிடித்தார்கள். டாங்கிலிருந்து பெட்ரோல் ஆவி கசிவதையும் கணினி சோதித்தது. மூடியைச் சரியாகத் திருகாத குற்றத்துக்காக விளக்கு எரிந்த வண்டிகள் கணக்கற்றவை. பெரும்பாலான சோதனைகளுக்கு வைத்த அளவுகோல், புகை நச்சு அனுமதித்த அளவைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டுமா என்பது. வண்டி இழுக்கிறதா, சத்தம் வருகிறதா என்பதெல்லாம் அதில் கேள்வியே இல்லை.

விளக்கு போய்ப்போய் வருவதற்கும் விதியே காரணம். பெரும்பாலான கோளாறுகளை ஒரே ஓட்டத்தில் கண்டதும் கணினி விளக்கை ஏற்றுவதில்லை. அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் ஏற்றும். தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் குறை தென்படாவிட்டால் தானே அணைக்கும். எண்ணை மட்டும் மறப்பதில்லை. எஞ்சின் 40 முறை சூடேறும்வரை நினைவில் வைத்திருக்கும். குளிரில் மட்டும் காட்டும் குறையானால், விளக்கு பருவத்துக்கு வந்து பருவத்துக்குப் போகும் விருந்தாளி.

இந்த விதியிடம் நன்றாக மாட்டிக்கொண்டது போர்ஷே 911-இன் 993 தலைமுறை. காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட கடைசி 911 என்பதால் பழைய கார் சந்தையில் இதற்குத் தனி மதிப்பு. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது ஒரு பம்ப், சிலிண்டர் ஹெட்டில் உள்ள மெல்லிய துளைகள் வழியே, வெளியேறும் புகைக்குள் புதுக்காற்றை ஊதும். எரியாத பெட்ரோல் அங்கேயே எரிந்து கன்வர்ட்டர் விரைவில் சூடாகும். வால்வு கைடு தேய்ந்து கசியும் ஆயில் கருகி, நாளடைவில் இந்தத் துளைகளைக் கார்பனாக அடைத்துவிடுகிறது. பம்ப் ஓடும்போது ஆக்சிஜன் சென்சர் எதிர்பார்த்த காற்றைக் காணாவிட்டால் விளக்கு எரியும். எஞ்சின் சக்தியில் குறைவிருக்காது. எண்ணை அழித்தால் சில நாளில் திரும்பும். பம்பை மாற்றினாலும் திரும்பும், ஏனென்றால் அடைப்பு ஹெட்டுக்குள் இருக்கிறது. துளையின் அடைப்பை மருந்து ஊற்றிக் கரைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. கைடு தேய்ந்திருந்தால் ஹெட்டைக் கழற்றிக் கைடையே மாற்றுவதுதான் நிலைக்கும் வேலை, அதற்குச் செலவும் பெரிது. வேடிக்கை என்னவென்றால், 1995-இல் அமெரிக்காவுக்கு வந்த 993-இலும் இதே அடைப்பு வரும். அந்த ஆண்டு காருக்கு அதைக் கவனிக்கும் கணினி இல்லாததால் விளக்கு எரிவதில்லை. விவரம் அறிந்த சிலர் அதற்காகவே 1995 மாடலைத் தேடி வாங்குகிறார்கள்.

மஸ்தா ஆர்.எக்ஸ்-8 கதை வேறு. இங்கே விளக்கை அலட்சியம் செய்தால் எஞ்சினே போகும். இதன் சுழல் எஞ்சினின் முனைச் சீல்களுக்கு மசகாக ஆயிலை உள்ளே செலுத்துவது வடிவமைப்பிலேயே இருக்கிறது. அந்த ஆயிலும் கன்வர்ட்டருக்கு ஆகாதது. இக்னிஷன் காயில் ஒன்று வலுவிழந்தால் எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிகிறது, உள்ளிருக்கும் தேனடை உருகுகிறது, புகை வெளியேறும் வழி அடைபட்டு எஞ்சின் வேகிறது. கன்வர்ட்டரைக் கெடுக்கும் மிஸ்ஃபயர் வந்தால் விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்ட வேண்டும் என்று விதியே சொல்கிறது; காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடு என்பதற்கான குறி அது. எண்ணைப் படித்துவிட்டுக் கன்வர்ட்டரை மட்டும் மாற்றி, கெட்ட காயிலை அப்படியே விட்டால், புதுக் கன்வர்ட்டரும் அதே வழியில் போய்ச் சேரும்.

பேட்டரி வயரைக் கழற்றியோ ஸ்கேனரால் எண்ணை அழித்தோ விளக்கை அணைத்து வண்டியை விற்கும் வித்தையும் இந்த வரலாற்றில் சேர்ந்ததே. அதற்கும் விதி எழுதியவர்கள் ஒரு பொறி வைத்தார்கள். நினைவு அழிந்தால் கணினி தன் சோதனைகளை முதலிலிருந்து நடத்த வேண்டும். அவை முடியும்வரை 'ஆயத்தமில்லை' என்று காட்டிக்கொண்டிருக்கும். வாங்குபவர் ஸ்கேனரைச் செருகி அதைப் பார்த்தால், விளக்கு அண்மையில்தான் அணைக்கப்பட்டது என்று ஊகித்துவிடலாம். 2010-ஐ ஒட்டி வந்த மாடல்களில் இன்னொரு வகை எண்ணும் சேர்ந்தது. கோளாறு தீர்ந்ததைக் கணினி தானே உறுதி செய்யும்வரை எந்த ஸ்கேனராலும் அதை அழிக்க முடியாது.

ஐரோப்பா 2001-இல் பெட்ரோல் கார்களுக்கு இதே முறையைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் பி.எஸ்.-4 விதியோடு 2010-இல் முதல் கட்டமும் 2013-இல் இரண்டாம் கட்டமும் வந்தன. எண்ணைப் படிக்கும் விலையுயர்ந்த கருவிகளின் இடத்தை, கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் செய்த இ.எல்.எம்.327 சில்லும் அதைப் பார்த்துக் குவிந்த மலிவு நகல்களும் பிடித்தன. இன்று கைபேசியே ஸ்கேனர்.

கலிஃபோர்னியாவில் 2000 மாடல் முதல் வந்த பெரும்பாலான பெட்ரோல் கார்களின் புகைக்குழாயில் 2015 முதல் குழல் செருகிப் பார்ப்பதில்லை. காரின் கணினியையே கேட்டு முடிவு செய்கிறார்கள். 1996 முதல் 1998 வரையிலான 993-க்கோ இரண்டும் உண்டு: புகையையும் அளப்பார்கள், விளக்கையும் பார்ப்பார்கள். புகை சுத்தமாக வந்தும் விளக்கு எரிந்தால் தோல்விதான். கன்வர்ட்டரும் கணினியும் இல்லாத 1976-க்கு முந்தைய 911-க்கு அங்கே சோதனையே கிடையாது.