அனந்தபுரியின் அசையும் பாவைகள்

திருவனந்தபுரத்துக் கோட்டைக்குள், ஸ்ரீ பத்மநாப ஸ்வாமி ஆலயத்தின் பத்மதீர்த்தக் கரையில் நின்று நிமிர்ந்து நோக்குகிறவர்களுக்கு, புத்தன் மாளிகை என்னும் அரண்மனை வளாகத்துக் கட்டடம் ஒன்றின் உச்சியில், வட்டமான கடிகாரத்தின் மேல் தாடி வைத்த ஒரு மனித முகமும், அதன் இருபுறமும் இரண்டு ஆட்டுக்கடாக்களும் காட்சியளிக்கும். மணி அடிக்கும்போதெல்லாம் அந்த முகம் வாயைத் திறக்க, கடாக்கள் இரண்டும் பாய்ந்து வந்து அதன் கன்னங்களில் முட்டும். ஊரார் மேத்தன் மணி என்று வழங்கும் இக்கடிகாரம், சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், 1840-ஆம் ஆண்டை ஒட்டி அமைந்தது. ஆலப்புழையில் சமஸ்தானத்தின் வர்த்தகப் பிரதிநிதியாக இருந்து, பின்பு 1837-இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்ட வானாராய்ச்சி நிலையத்தின் முதல் தலைவராக நியமனம் பெற்ற ஜான் கால்டிகாட்டின் யோசனைப்படி, வஞ்சியூரைச் சேர்ந்த குளத்தூக்காரன் என்னும் கைவினைஞர் இதைச் செய்து முடித்தார் என்பது நகரத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி.

அந்த முகத்துக்குத் தெரிந்த காரியம் ஒன்றே ஒன்றுதான். கீழே கூடி நிற்பவன் ராஜனா ஏழையா என்று அது அறியாது. மழையானாலும் வெயிலானாலும், பார்ப்பாரே இல்லாவிட்டாலும், குறித்த நேரத்தில் வாயைத் திறந்து குறித்த அளவில் மூடும். ஆயினும், மனிதக் கை எதுவும் அப்போது தொடாமலிருக்க, மனிதச் சாயலுள்ள ஒன்று தானாகவே அசைவதைப் பார்க்கும் ஆனந்தம் இந்நகரத்து ஜனங்களுக்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளாகப் பழகிய விஷயம். இன்று கழக்கூட்டத்துக் கணினிக் கூடங்களில், பார்க்கிறவரின் முகத்தைக் கண்டு தானே திரும்பிப் பார்த்து, தானே பேசி, தானே கையசைக்கும் திரையுருவங்களைப் பற்றிப் பேசுகிற இளைஞர்கள், தங்கள் தொழிலுக்கு இந்த ஊரில் இத்தனை பழைய முன்னோடி ஒன்று உண்டு என்பதைக் கொஞ்சம் கர்வத்தோடு நினைத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பரம்பரைக்கு இன்னொரு கிளையும் உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு இணையும் வரை திருவனந்தபுரத்தின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாஞ்சில் நாட்டில், தோல்பாவைக் கூத்தர்கள் வெள்ளைத் திரைக்குப் பின்னே விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, ஆட்டுத்தோலில் வெட்டி வர்ணம் தீட்டிய பாவைகளை இரு கைகளாலும் ஆட்டியபடியே, ராமனுக்கு ஒரு குரல், ராவணனுக்கு ஒரு குரல், கோமாளிக்கு ஒரு குரல் என்று அத்தனை பாத்திரங்களையும் ஒரே தொண்டையால் பேசி, சண்டை வரும் இடங்களில் காலால் பலகையைத் தட்டி ஓசை எழுப்பி இரவு முழுவதும் கதை நடத்துவார்கள். சிறு பிள்ளைகள் சிரித்தால் கோமாளியின் பேச்சு நீளும். கூட்டம் அலுத்தால் கதை விரையும். கடிகார முகத்தில் கைவினைஞனின் அறிவு முன்கூட்டியே சேமித்து வைக்கப்பட்டது. கூத்தில் கலைஞனின் அறிவு அந்தந்த நொடியில் பிறந்தது. இவ்விரண்டையும் ஒன்றாக்க வேண்டுமென்ற ஆசையே, என் எண்ணத்தில், பிற்காலத்து உழைப்பு அனைத்துக்கும் அடிப்படை.

அந்த உழைப்புக்கு இந்நகரத்தில் களமாக அமைந்தது கழக்கூட்டம். கேரள அரசு 1990-இல் அங்கே டெக்னோபார்க் என்னும் கணினித் தொழில் வளாகத்தைத் தோற்றுவித்தபோது, அதற்கு அமைந்த இடம், முன்னொரு காலத்தில் பெயர் பெற்ற வைத்தியர் ஒருவர் வாழ்ந்த வைத்தியன் குன்று. தொழில்துறை அனுபவம் மிகுந்த கே. பி. பி. நம்பியாரின் தொலைநோக்கில் உருவான அந்த வளாகத்தின் கட்டடங்களுக்குப் பம்பா, பெரியாறு, நிளா என்று நதிகளின் பெயர்களைச் சூட்டினார்கள். அங்கே 1999-இல் தொடங்கிய டூன்ஸ் அனிமேஷன் என்னும் நிறுவனத்துக்கு, டிஸ்னி கம்பெனியில் உயர்ந்த உத்தியோகம் வகித்த பில் டெனிஸ் முதல் நிர்வாகத் தலைவராக வந்தார். தெனாலிராமனைக் கதாநாயகனாக்கி அந்நிறுவனம் தயாரித்த தொடர் 2003-இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வெளிவந்தது. விஜயநகரத்து விகடகவியின் கதைகளைப் பாட்டியின் வாயால் கேட்டு வளர்ந்த நமக்கு, அவன் திருவனந்தபுரத்திலிருந்து திரையில் ஏறினான் என்பது தனிப்பட்ட சந்தோஷத்தைத் தரும். பிற்பாடு 2007-இல் ஹனுமானைப் பற்றிய முழுநீளப் படம் ஒன்றும் அங்கே உருவாயிற்று. வெளிநாட்டுத் தொடர்கள் பலவற்றுக்கும் அசைவு வேலை நடந்தது.

அந்த வேலையின் பளுவைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஆகவே 22 நிமிஷக் கதை ஒன்றுக்கு 31,680 படங்கள் தேவை. ஒரே சித்திரத்தை இருமுறை பதிவு செய்து சிக்கனம் பண்ணினாலும் பதினையாயிரத்துக்கு மேல் வந்துவிடும். தேர்ந்த சித்திரக்காரர் பாத்திரத்தின் முக்கிய நிலைகளை மாத்திரம் வரைவார்; கையை ஓங்கியது ஒரு சித்திரம், அடி விழுந்தது மற்றொரு சித்திரம். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள நிலைகளை, அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேஜையின்மேல் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, கோடு ஒரு மயிரிழையும் பிசகாமல் வரைந்து நிரப்புகிறவர் இன்பிட்வீனர் எனப்படும் இடைச்சித்திரக்காரர். கணினியும் முப்பரிமாண உருவங்களும் வந்தபின், உருவத்துக்குள் எலும்புக்கூடு போன்ற ஓர் அமைப்பைப் பொருத்தி மூட்டுகளைத் திருப்பினால் நடுநிலைகளை யந்திரமே கணக்கிட்டுக் கொடுத்தது. இருந்தாலும், எப்போது கையை ஓங்குவது, யாரை நோக்கித் திரும்புவது என்று தீர்மானிக்கிறவன் மனிதனாகவே இருந்தான்.

அந்தத் தீர்மானத்தையும் உருவத்திடமே ஒப்படைக்கும் வித்தையை, 1987-இல் அமெரிக்கரான கிரெய்க் ரெனால்ட்ஸ் பறவைக் கூட்டத்தைக் கொண்டு விளக்கினார். அண்டை அயலில் உள்ளவற்றோடு மோதாதே, அவை செல்லும் திசையில் செல், கூட்டத்தின் நடுவை விட்டு விலகாதே என்னும் மூன்று விதிகளை ஒவ்வொரு பறவைக்கும் கொடுத்துவிட்டார். கூட்டம் முழுவதும் எவரும் வரையாமலே வானத்தில் வளைந்து திரும்பியது. நியூஸிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் ரெகலஸ், 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களின் யுத்தக் காட்சிகளுக்காக, ஒவ்வொரு வீரனும் தன்னைச் சுற்றிலும் பார்த்துத் தானே முடிவு செய்யும் மாஸிவ் என்னும் மென்பொருளை உருவாக்கினார். அதே நாட்டின் ஆக்லாந்தில் மார்க் சாகர் அமைத்த பேபி எக்ஸ் என்னும் திரைக்குழந்தையோ, காமிராவின் வழியே எதிரில் உள்ளவரைப் பார்த்து அதற்கேற்ப முகம் மலரவும் சுருங்கவும் செய்தது.

திருவனந்தபுரத்திலும் இதன் சாயல்கள் தோன்றிவிட்டன. 2019-இல் கேரளப் போலீஸ் தலைமையகத்தில், வருகிறவர்களுக்கு சல்யூட் அடித்து வழிகாட்டும் ரோபோ ஒன்று உத்தியோகம் ஏற்றது. 2024-இல் இம்மாவட்டத்துக் கடுவயில் பள்ளியொன்றில், புடவை அணிந்த ஐரிஸ் என்னும் ரோபோ ஆசிரியை மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தொடங்கியது. புதிதாகக் கம்பெனி தொடங்குகிறவர்களுக்குக் கைகொடுக்கக் கேரள ஸ்டார்ட்அப் மிஷனும் இருக்கிறது. மகாராஜாவின் ஆதரவு நின்ற இடத்தில் இன்று அரசாங்கத்தின் ஆதரவும் முதலீட்டாளரின் பணமும் நிற்கின்றன.

ஆனால் வியாபாரத்தின் அமைப்பு அடியோடு மாறியிருப்பதைத் தொழிலில் இறங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். பழைய அனிமேஷன் கம்பெனி முடிந்த படத்தை ஒப்படைத்துக் கூலியைப் பெற்றுக்கொண்டால் அதன் பொறுப்பு தீர்ந்தது. தானே இயங்கும் பாத்திரத்தை விற்கிறவனுக்கு அந்த நிம்மதி இல்லை. அது பேசும் ஒவ்வொரு நிமிஷமும் எங்கோ ஒரு கணினி உழைத்துக்கொண்டிருக்கிறது, அதற்கான செலவும் ஏறிக்கொண்டே இருக்கிறது, அது தகாத வார்த்தை ஒன்று பேசிவிட்டால் பழியும் கம்பெனியையே சேர்கிறது. ஆகையால் வேகமாக அசையும் உருவத்தைக் காட்டிலும் நல்ல சுபாவமுள்ள உருவத்தைப் படைப்பதே இங்கு முதல் தேவை. சுபாவத்தை வகுத்துக் கொடுக்க, கணக்கும் மென்பொருளும் கற்றவர் மாத்திரம் போதவே மாட்டார்.

இந்த விஷயத்தில் இந்நகரத்துக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு செல்வம் இருக்கிறது. டி. அப்புக்குட்டன் நாயர் முதலிய ரஸிகர்களின் முயற்சியால் வளர்ந்த மார்கி என்னும் ஸ்தாபனத்தில் கதகளியும், கூடியாட்டம் என்னும் சமஸ்கிருத நாடகமும் பயிலப்படுகின்றன. அங்கே மாணவன் கண்ணில் நெய்யிட்டுக்கொண்டு, விழியை மேலும் கீழும் வட்டமாகவும் சுழற்றிப் பழகுகிறான்; 24 முத்திரைகளைக் கைக்குள் கொண்டுவருகிறான்; கோபம் முகத்தில் படிப்படியாகத் தோன்றும் கிரமத்தைப் பல ஆண்டுகள் பயின்ற பிறகே அரங்கேறுகிறான். திரைப்பாவையின் முகத்தில் எந்த உணர்ச்சிக்குப் பின் எது வரவேண்டும், எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று திகைக்கிற கணினிப் பொறியாளருக்கு இதைவிடச் சிறந்த பாடசாலை ஏது? கழக்கூட்டத்தில் இத்தொழிலைத் தொடங்குகிற கம்பெனி, தன் முதல் பத்து ஊழியர்களுள் ஒருவராகக் கூடியாட்ட ஆசான் ஒருவரை முழுச் சம்பளத்தோடு அமர்த்திக்கொள்ள வேண்டும் என்பது என் திடமான நம்பிக்கை. அவருடைய முகபாவங்களைக் காமிராவில் பதிவு செய்து யந்திரத்துக்குக் கற்பிப்பதானால், அந்தப் பாத்திரம் சம்பாதிக்கும் காலமெல்லாம் அவருக்கும் அவர் குருகுலத்துக்கும் சேரவேண்டிய பங்கைப் பதிவு தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதி, அவருக்குப் புரியும்படி மலையாளத்தில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும்.