சொந்த அச்சகம், சொந்த சர்வர்

1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். பின்னர் அதற்கென அச்சுக்கூடமும் அமைத்தார். 1907இல் அயோத்திதாசர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். 1920இல் அம்பேத்கரின் 'மூக்நாயக்' வந்தபோது, கட்டணம் தருவதாகச் சொல்லியும் அதன் விளம்பரத்தைக் 'கேசரி' வெளியிடவில்லை. நம் முன்னோர் பத்திரிகை நடத்தியதற்குக் காரணம் எழுத்தார்வம் மட்டுமல்ல. அடுத்தவர் கதவைத் தட்டிக்கொண்டே இருக்க முடியாது என்பதும்தான்.

2019 நவம்பரில் அதே கதவு வேறு வடிவில் வந்தது. ட்விட்டர் சாதிப் பாகுபாடு காட்டுகிறது என்று தலித் பகுஜன் செயற்பாட்டாளர்கள் குரல் எழுப்பினார்கள். பேராசிரியர் திலீப் மண்டலின் கணக்கு முடக்கப்பட்டது. பலர் மாஸ்டடானுக்குப் போனார்கள். யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில் நடத்தக்கூடிய தளம் அது. ஆனால் போனவர்களில் பெரும்பாலோர் இன்னொருவர் சர்வரில்தான் குடியேறினார்கள்.

அப்படியானால் நம் வீட்டிலேயே சர்வர் வைத்தால் என்ன? வன்கொடுமை வழக்குகளின் மனுக்களையும் சாட்சிகளின் எண்களையும் பெருநிறுவனங்களின் கிடங்கில் ஏன் வைக்க வேண்டும்? திருச்சியில் நாங்கள் பழைய லேப்டாப் ஒன்றில் நெக்ஸ்ட்கிளவுட் நிறுவி முயன்றோம். தடைகள் வரிசையாக வந்தன.

முதல் தடை முகவரி. பல இணைய நிறுவனங்கள் ஒரே ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. வெளியிலிருந்து யாரும் நம் சர்வரை நேரடியாக எட்ட முடியாது. நிலையான ஐபிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், அல்லது வெளியே ஒரு சிறு சர்வரை வாடகைக்கு எடுத்து வயர்கார்டு வழியாக இணைக்க வேண்டும். இரண்டாவது மின்வெட்டு. லேப்டாப்பைப் பேட்டரி காக்கும், ரவுட்டரை யார் காப்பது? அதற்கும் யுபிஎஸ் வேண்டும். மூன்றாவது மின்னஞ்சல். வீட்டு இணைப்பிலிருந்து கிளம்பும் அஞ்சலைப் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. அதை வீட்டில் நடத்த முயல வேண்டாம்.

நான்காவது தடை எந்தக் கையேட்டிலும் இல்லை. வீட்டில் சர்வர் வைக்க முதலில் வீடு வேண்டும். ஸ்ரீரங்கம் கோயில் மதில்களுக்குள்ளேயே வீதிகள் அமைந்த ஊர். எந்த வீதியில் யார் குடியிருக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த ஊர். இன்றும் வாடகைக்கு வீடு தேடுகிறவரிடம் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிறார்கள். பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் கேபிள் இழுக்கவும் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். 'சொந்த சர்வர்' என்பதில் 'சொந்தம்' எல்லோருக்கும் ஒன்றல்ல.

எல்லாத் தடையையும் தாண்டினாலும், வீட்டில் இருப்பதாலேயே ஒன்று பாதுகாப்பாகிவிடாது. திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்தவர் ஸ்டேன் சுவாமி. 2020 அக்டோபரில் கைதாகி, 2021 ஜூலை 5 அன்று காவலிலேயே இறந்தார். அவர் கணினியில் நெட்வயர் என்ற உளவு மென்பொருள் வழியாகக் கோப்புகள் திணிக்கப்பட்டன என்று அமெரிக்காவின் ஆர்சனல் தடயவியல் நிறுவனம் 2022 டிசம்பரில் அறிக்கை அளித்தது. கணினி அவருடையதுதான், அவர் இடத்தில்தான் இருந்தது.

ஆகவே தோழர்களே, சிறிதாகத் தொடங்குவோம். முதலில் ஆவணங்களும் நாட்காட்டியும் போதும். ஸ்ரீரங்கத்தில் சர்வர் என்றால் பொன்மலையில் ஒரு காப்புப் பிரதி, இரண்டும் குறியாக்கத்தோடு. வாரம் ஒருமுறை புதுப்பிப்பு. பராமரிக்கத் தெரிந்தவர் குறைந்தது மூன்று பேர். அச்சகம் வாங்கியதோடு நம் முன்னோர் நிற்கவில்லை. எழுத்துக் கோக்க ஆளும் வைத்துக்கொண்டார்கள்.