கால் காத்த கத்தி

நோவு நோயைக் காட்டிக்கொடுக்கும் தூதன். அத்தூதன் வாய்மூடிவிட்டால் நோயாளியும் அறியார்; வைத்தியரும் அறியார். நீரிழிவுகாரரின் காற்புண் இத்தன்மையது. நெடுங்காலம் நீடித்த நீரிழிவினால் பாதத்து நரம்புகள் உணர்விழக்கின்றன. முள் தைத்தாலும் செருப்புக் கடித்தாலும் தெரிவதில்லை. புண்ணின்மேலேயே நடந்துகொண்டிருப்பார். கிருமிகளோ தசையைத் துளைத்து என்பினுள்ளே குடிபுகுந்துவிடும். குருதியோட்டமும் குறைந்திருந்தால் விரல் கறுத்து அழுகும்.

1922ஆம் ஆண்டு ஜனவரியில் ரொறன்ரோ நகரில் ஒரு சிறுவனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது. அதுவரை நீரிழிவு மயக்கத்தால் மாண்டுகொண்டிருந்தவர்கள் நெடுநாள் வாழலாயினர். ஆனால், வாழ்நாள் நீண்டபோது காற்புண்ணும் பெருகிற்று. பொஸ்டன் நகர வைத்தியர் எலியட் ஜொஸ்லின் 1934இல் இவ்வபாயத்தை எடுத்துக்காட்டினார். காலழுகல் விதியின் விளைவன்று, தடுக்கத்தக்கதே என்பது அவர் கொள்கை. பாதங்களை நாள்தோறும் கழுவிப் பார்க்கும்படி அவர் நோயாளருக்குக் கற்பித்தார்.

அக்காலத்தில் புண் விரலில் இருந்தாலும் கத்தி பெரும்பாலும் தொடையிலேயே விழுந்தது. கீழே வெட்டினால் புண் ஆறாது, கிருமி மேலேறி உயிரைக் குடிக்கும் என்ற அச்சமே காரணம். பெனிசிலின் அவ்வச்சத்தைத் தணித்தது. பொஸ்டன் சத்திர வைத்தியர் லீலண்ட் மக்கிற்றிக், விரல்களையும் அவற்றையடுத்த பாத என்புகளின் முற்பகுதியையும் மட்டும் நீக்கும் முறையை 1949இல் விளக்கி வெளியிட்டார். குதிக்கால் எஞ்சியது, பொய்க்காலின்றி நடக்க முடிந்தது.

ஆயினும் ஒரு தவறான எண்ணம் நெடுநாள் நிலவியது. நீரிழிவுகாரரின் பாதத்தில் நுண்குழாய்கள் அடைபட்டுவிடுகின்றன, ஆகவே குருதியை மீட்க முயல்வது வீண் எனப் பலர் நம்பினர். 1984இல் லோஜெர்போ, கொவ்மன் என்னும் இருவர் இதற்குச் சான்றில்லை எனக் காட்டினர். அதன்பின், நோயாளியின் நாளத்தையே மாற்றுவழியாகப் பொருத்திப் பாதத்து நாடிக்குக் குருதி கொண்டுசெல்லும் சிகிச்சை பரவியது. 1995இல் பொஸ்டன் வைத்தியர்கள், புண்ணுக்குள் செலுத்தும் மெல்லிய உலோகக் கம்பி என்பில் தட்டுப்பட்டால் கிருமி அங்கும் எட்டியிருக்கக்கூடும் என்று காட்டினர். எளிய சோதனை, ஆயினும் எந்த என்பை ஐயுறவேண்டும் என்பதை அது உணர்த்தியது.

வெட்டிய பின்னும் வேலை முடிவதில்லை. கிருமி நீங்கிய புண் ஆறுவதற்கு, உடற்பாரம் அதன்மேல் விழாதிருத்தல் வேண்டும். காலோடு ஒட்டிப் பொருந்தும் சாந்துக்கட்டினால் பாரத்தைப் பரப்பும் முறையை, 1930களில் தொழுநோயாளரின் காற்புண்ணுக்குக் கையாண்டவர் இலங்கைச் சத்திர வைத்தியர் மில்றோய் போல் ஆவார். வேலூரில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய போல் பிராண்ட், 1960களில் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். அங்கே அது நீரிழிவுகாரருக்கும் பயன்பட்டது.

இன்று சில என்புத் தொற்றுகள் மருந்தினாலேயே மாறுகின்றன. சீழ் தேங்கியவிடத்தும் என்பு செத்தவிடத்தும் கத்தி இன்னும் வேண்டியதே. தொடையிலே விழுந்த கத்தி விரலளவுக்கு இறங்கிவர ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட உழைப்பு வேண்டியிருந்தது. அவ்வுழைப்பின் பயன், புண்ணை வேளைக்குக் கண்டு காட்டுவோர்க்கே முழுமையாகக் கிட்டும். நோவு சொல்லாததைக் கண்தான் சொல்லவேண்டும். இரவில் உறங்குமுன் உள்ளங்காலை ஒருமுறை பார்ப்பதற்குச் செலவு எதுவுமில்லை.