கையுறை இல்லாமல் எடுத்த ரத்தம்

மயிலாப்பூரிலோ அடையாறிலோ காலை ஏழு மணிக்கு ஏதாவது ஒரு லேபுக்குள் நுழைந்து பாருங்கள். வெறும் வயிற்றோடு பத்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். பெயரைக் கூப்பிட்டு, புது ஊசியின் உறையை நம் கண்ணெதிரே பிரித்து, "லேசா எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்பார்கள். இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

எல்லாக் காலத்திலும் இப்படித்தான் இருந்தது என்று நினைத்தால் தப்பு நண்பர்களே! இதே சென்னையில் 1985-86ல் நடந்த ஒரு கதை இருக்கிறது.

அப்போது கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து, அதையே அடுத்தவருக்கும் போடுவது சர்வ சாதாரணம். காசுக்கு ரத்தம் விற்பதையே பிழைப்பாக வைத்திருந்தவர்களும் உண்டு. 1981ல் அமெரிக்காவில் எய்ட்ஸ் கண்டறியப்பட்டிருந்தது. ஆனால் 'அது அவங்க ஊர் வியாதி, நம்ம ஊருக்கெல்லாம் வராது' என்பதுதான் இங்கே பலருடைய எண்ணம்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் டாக்டர் சுனிதி சாலமன். அவரிடம் படித்துக் கொண்டிருந்த 32 வயது மாணவி செல்லப்பன் நிர்மலா. ஆய்வுக்குத் தலைப்பு தேடிய மாணவியிடம், 'தமிழ்நாட்டில் எய்ட்ஸ் இருக்கிறதா என்று பார்' என்றார் பேராசிரியர். நிர்மலாவுக்குத் தயக்கம். கணவர் வீரப்பன் ராமமூர்த்தி கொடுத்த தைரியத்தில்தான் இறங்கினார்.

சென்னையில் மும்பை மாதிரி தனியாக 'சிவப்பு விளக்குப் பகுதி' கிடையாது. பாலியல் தொழில் செய்யும் பெண்களை எங்கே போய்த் தேடுவது? அரசு பொது மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வந்த பெண்களோடு பழகினார். அவர்கள் மூலமாக, பிடிபட்ட பெண்களை வைத்திருந்த அரசு காப்பகம் பற்றித் தெரிய வந்தது. தினமும் அங்கே போனார். மூன்று மாதத்தில் 80க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளைச் சேகரித்தார்.

எப்படி எடுத்தார் தெரியுமா? கையில் கையுறை இல்லை, வேறு எந்தப் பாதுகாப்புச் சாதனமும் இல்லை. எடுத்த மாதிரிகளை வைக்க சரியான வசதி இல்லாததால், அவை இருந்தது அவர் வீட்டு ஃப்ரிட்ஜில்! ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரிக்க, சுனிதியும் அவருடைய கணவர், இதய அறுவை நிபுணர் சாலமன் விக்டரும் ஒரு சின்ன ஆய்வகத்தை ஏற்பாடு செய்து கொடுத்தார்கள்.

எய்ட்ஸைக் கண்டுபிடிக்கும் எலைசா பரிசோதனை வசதி வேலூர் சி.எம்.சி.யில் இருந்தது. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் கணவரும் மாதிரிகளை எடுத்துக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடி போனார்கள். அங்கே டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் சோதனை தொடங்கியது. நடுவில் கரண்ட் கட். எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். திரும்பி வந்து மூடியைத் திறந்தால், ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறியிருந்தன. ஆறும் பாசிட்டிவ்!

உடனே நம்பிவிடவில்லை. அதே ஆறு பெண்களிடம் மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பி, 'வெஸ்டர்ன் பிளாட்' முறையில் உறுதி செய்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்கு முதல் சான்று அதுதான். பிரதமர் ராஜீவ் காந்திக்கும், மாநில சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டேவுக்கும் தகவல் போனது. மே மாதம் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். 'பரிசோதனையே தப்பு' என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

இந்தக் கதையில் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. வழக்கமான பால்வினை நோய்ப் பரிசோதனை என்றே நினைத்தார்கள். அந்தக் காலத்தில் அதை யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அந்த ரத்தம்தான் நாட்டையே உஷார்படுத்தியது. கொடுத்தவர்களின் பெயர்கூட வெளியே தெரியாது.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக மாறியது. 1989ல் ரத்த வங்கிகளில் எச்.ஐ.வி. சோதனை கட்டாயமானது. 1996ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால், 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் விற்பது தடை செய்யப்பட்டது. அதே 1998ல் மருத்துவக் கழிவுகளுக்கு விதிகள் வந்தன. நோயாளிக்கு விளக்கி, சம்மதம் வாங்கித்தான் எச்.ஐ.வி. சோதனை செய்ய வேண்டும் என்பதை 2017ல் வந்த சட்டம் கட்டாயமாக்கியது.

சுனிதி சாலமன் 1993ல் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். தி.நகர் ராமன் தெருவில் இயங்கிய அந்த மையம், பிறகு அடையாறுக்குப் பக்கத்தில் தரமணி வி.எச்.எஸ். வளாகத்துக்குப் போனது. மற்றவர்கள் தொடப் பயந்த நோயாளிகளை அவர் தொட்டுப் பேசி வைத்தியம் பார்த்தார். 2015ல் காலமானார். 2017ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நிர்மலா 1987ல் ஆய்வை முடித்து, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலைக்குச் சேர்ந்து, 2010ல் ஓய்வு பெற்றார்.

சரி, முறையாக ரத்தம் எடுப்பது என்றால் என்ன?

* நோயாளியின் பெயரை அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். "நீங்கதானே லட்சுமி?" என்று கேட்டால், தூக்கக் கலக்கத்தில் சரஸ்வதியும் தலையாட்டிவிடுவார்!
* கையைக் கழுவி, புதுக் கையுறை போட வேண்டும்.
* ஸ்பிரிட் தடவிய இடம் காயும்வரை காத்திருக்க வேண்டும். துடைத்த இடத்தை மறுபடி விரலால் தொடக்கூடாது.
* கையில் கட்டிய பட்டையை அதிக நேரம் விடக்கூடாது. ரிசல்ட்டே மாறலாம். ஊசியை உருவும் முன் பட்டையை அவிழ்க்க வேண்டும்.
* பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடவே கூடாது. நேராக, குத்திக் கிழியாத டப்பாவுக்குள் போக வேண்டும்.
* குழாயில் பெயரை அங்கேயே, நோயாளி முன்னாலேயே எழுத வேண்டும்.

எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி தவறி நம் கையில் குத்தினால், தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் மூன்று. 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் அதுவும் வெகுவாகக் குறையும். 1986ல் நிர்மலாவுக்கு இந்த மருந்தும் கிடையாது.

அடுத்த முறை லேபில் கையை நீட்டும்போது, புது ஊசியா, புதுக் கையுறையா, எதற்கு இந்த டெஸ்ட் என்று தயங்காமல் கேளுங்கள். அந்த ஆறு பெண்களுக்கு அப்படிக் கேட்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை...