எண்களின் நட்பும் எங்கள் உரிமைக்கோரலும்

"எல்லாத்தையும் எங்கட ஆக்கள்தான் முதல்ல கண்டுபிடிச்ச" என்று மேடையில் முழங்கினால் கைதட்டுகிறோம். எதை, யார், எப்போது என்று ஒருவர் திருப்பிக் கேட்டால் வாயடைத்துப் போகிறோம். நான் தமிழ் படித்தவன். கணக்குக்கும் எனக்கும் கொஞ்சம் தூரம். என்றாலும் 9437056 என்ற ஓர் எண்ணை வைத்து அந்தக் கேள்விக்கு விடை தேடினேன்.

ஓர் எண்ணின் காரணிகளை, அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை அந்த எண்ணுக்குச் சமமானால் அது தாம், நிறைவெண், 6 அப்படி. கூடினால் ஸாயித், குறைந்தால் நாக்கிஸ். பாகுபாடு கிரேக்கருடையது, பெயர்கள் அறபு.

9437056 என்பது 128ஐ 73727ஆல் பெருக்கி வருவது. 73727 முதன்மை எண். 1, 2, 4 என்று 128 வரை இரட்டித்துப் போகும் காரணிகளின் கூட்டு 255. மற்றவை, 73727ஐ 1 முதல் 64 வரையான அதே இரட்டிப்புகளால் பெருக்கி வருபவை: 9363329. மொத்தம் 9363584. ஆக, இது நாக்கிஸ். விசயம் இதற்குப் பிறகுதான். அந்த 9363584இன் காரணிகளைக் கூட்டினால் திரும்பவும் 9437056 வருகிறது! ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. இத்தகைய சோடியை அறபியர் 'முதஹாப்பா' என்றார்கள், ஒன்றையொன்று நேசிப்பவை.

220, 284 என்ற சிறிய சோடி பழையது. அதை வைத்துத் தாயத்து எழுதினதையெல்லாம் இப்னு கல்தூன் குறிப்பிடுகிறார். அது நமக்கு வேண்டாம். ஒன்பதாம் நூற்றாண்டில், பக்தாதில் தாபித் இப்னு குர்றா இத்தகைய சோடிகளைப் பெறுவதற்கு ஒரு விதியை நிறுவினார். அவர் முஸ்லிம் அல்லர், ஹர்ரானைச் சேர்ந்த ஸாபி. 'எங்கட ஆக்கள்' என்று சொல்லுமுன் இதையும் சொல்லத்தான் வேண்டும். அறபுமொழி அறிவுலகின் கதவு அவருக்கும் திறந்திருந்தது என்பதில் எனக்குப் பெருமை அதிகம்.

நூற்றாண்டுகள் கழித்துப் பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்பாரிஸி அதே விதியைப் புதுவழியில் நிறுவி, 17296, 18416 சோடியைத் தந்தார். அவருடைய நூலின் பெயரே 'தத்கிரதுல் அஹ்பாப்', நண்பர்களுக்கான நினைவுரை. மொரோக்கோவில் இப்னுல் பன்னாவும் இச்சோடியை அறிந்திருந்தார். 1636இல் பிரான்ஸின் பெர்மா இதைத் தாமாகவே கண்டார்; நெடுங்காலம் அவர் பெயரே இதற்கு நிலைத்தது.

நமது பெரிய எண்ணுக்கும் இதே கதிதான். பாரசீகத்தின் முஹம்மத் பாக்கிர் யஸ்தி அதன் சோடியைக் கணித்தார். 1638இல் டேக்கார்ட்டும் கணித்தார். இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தவர். ஆகவே டேக்கார்ட் திருடினார் என்று எழுதுவது அநியாயம். யஸ்தியை விட்டுவிட்டு எழுதுவதும் அநியாயம். 73727 முதன்மை எண்தானா என்று உறுதிப்படுத்த மட்டும் 271 வரையுள்ள 58 முதன்மை எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். கல்குலேட்டர் இல்லாத காலம்.

இத்தனை பேரும் பெரிய எண்களைத் துழாவிக்கொண்டிருக்க, 1184, 1210 என்ற சின்னச் சோடி கண்ணில் படாமலே கிடந்தது. தாபித்தின் விதிக்குள் அது அடங்காது. 1866இல் அதை வெளியிட்டவர் இத்தாலியில் பதினாறு வயதுப் பொடியன் ஒருவர்.