கராச்சியில் கருவாகி பெர்லினில் பிறந்த சட்டம்

2012 செப்டம்பர் 11. கராச்சியின் பல்தியா டவுன் பகுதியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்தது. ஜன்னல்களில் இரும்புக் கம்பி. வெளியேறும் கதவுகள் பூட்டிக் கிடந்தன. வெந்தும் மூச்சு முட்டியும் 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே தைத்த ஜீன்ஸில் பெரும்பகுதி ஜெர்மனியின் 'கிக்' என்ற மலிவு விலைத் துணிக்கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. சில வாரங்களுக்கு முன்புதான் அந்தத் தொழிற்சாலைக்கு எஸ்ஏ 8000 சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். தொழிலாளர் நலனும் பாதுகாப்பும் சரியாக இருக்கின்றன என்று சொல்லும் சான்றிதழ் அது.

தமக்குச் சரக்கு வரும் வழியில் மனித உரிமை மீறப்படாமல் நிறுவனங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2021-இல் ஜெர்மன் நாடாளுமன்றம் நிறைவேற்றிய விநியோகச் சங்கிலிச் சட்டம் பிறந்த கதையை வழக்கமாக ஐ.நா.விலிருந்து தொடங்குவார்கள். தொழில் நிறுவனங்களும் மனித உரிமைகளும் குறித்து ஜான் ரக்கி வகுத்த நெறிமுறைகளை ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2011-இல் ஏற்றது உண்மைதான். ஆனால் அவை யாரையும் கட்டுப்படுத்தவில்லை. சட்டம் வேண்டும் என்ற பேச்சை ஜெர்மன் அரசியலுக்குள் கொண்டுவந்தது கராச்சித் தீயும், அடுத்த ஆண்டு வங்கதேசத்தில் 1,100 பேருக்கு மேல் பலிகொண்ட ராணா பிளாசா இடிபாடும்தான்.

2015 மார்ச்சில், ஒரே மகனைத் தீயில் பறிகொடுத்த ஒரு தாய் உட்பட நான்கு பேர், ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நீதிமன்றத்தில் கிக் மீது வழக்குத் தொடுத்தார்கள். தலைக்கு 30,000 யூரோ கேட்டார்கள். பெர்லினைச் சேர்ந்த ஈசிசிஎச்ஆர் என்ற மனித உரிமை அமைப்பு துணை நின்றது. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸில் இயங்கும் ஃபாரன்சிக் ஆர்க்கிடெக்சர் குழு, எரிந்த கட்டடத்தைக் கணினியில் மாடி மாடியாக மறுபடி எழுப்பி, புகை எப்படிப் பரவியது, ஆட்கள் எங்கே அடைபட்டார்கள் என்று காட்டியது. பாதுகாப்பு ஏற்பாடுகள் ஒழுங்காக இருந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள் என்பது அதன் முடிவு. பணம் கேட்டு மிரட்டிய கும்பல்தான் தீ வைத்தது என்று கராச்சி நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்து இருவருக்கு மரண தண்டனை விதித்தது. தீ வைத்தவர் யார் என்பது ஒரு கேள்வி. எரியும் கட்டடத்திலிருந்து ஏன் இறங்க முடியாமல் போனது என்பது வேறு கேள்வி. டோர்ட்மண்டில் கேட்டது இரண்டாவது கேள்வியை.

விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று 2016-இல் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. வழக்குச் செலவுக்கு அரசு உதவியும் கொடுத்தது. அதே ஆண்டில் கிக், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓ வழியாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 51.5 லட்சம் டாலர் தரச் சம்மதித்தது. 2019 ஜனவரி 10 அன்று தீர்ப்பு வந்தது. பாதிப்பு பாகிஸ்தானில் நேர்ந்ததால் பாகிஸ்தான் சட்டமே பொருந்தும், அதன்படி வழக்கு காலாவதியாகிவிட்டது, தள்ளுபடி. கதவு ஏன் பூட்டியிருந்தது என்ற விசாரணைக்கே வழக்கு போகவில்லை.

உலகமயத்தால் அரசுகள் பலமிழந்துவிட்டன என்று பொதுவாகச் சொல்கிறோம். நான் அதை அப்படியே ஏற்கவில்லை. சரக்கு போகும் பாதையை அகலப்படுத்தியதே அரசுகள்தான். கூடிப் பேசி, ஒப்பந்தம் போட்டு, சுங்கவரி குறைத்துச் செய்தார்கள். அந்தப் பாதையில் பொறுப்பும் கூடவே போக வழி செய்யவில்லை. பாகிஸ்தான் அரசால் ஆலைக்குள் நுழைய முடியும், வாங்குபவரைத் தொட முடியாது. ஜெர்மன் அரசுக்கு வாங்குபவர் பக்கத்திலேயே இருக்கிறார், ஆலை எட்டாது. செத்தவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தவர்கள்.

முதலில் ஜெர்மனி நிறுவனங்களின் நல்லெண்ணத்தை நம்பியது. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் பாதியாவது, மனித உரிமை மீறலைக் கண்காணித்துத் தடுக்கும் ஏற்பாட்டைத் தாமாகவே 2020-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2016 டிசம்பரில் திட்டம் போட்டது. தவறினால் சட்டம் வரும் என்று 2018-இல் கூட்டணி ஒப்பந்தத்திலும் எழுதிவைத்தார்கள். கணக்கெடுத்தபோது தேறியவை 13 முதல் 17 சதவீதம்தான்.

அதன்பின் மூண்டது அமைச்சரவைச் சண்டை. பழமைவாத பவேரியக் கட்சியைச் சேர்ந்த வளர்ச்சித் துறை அமைச்சர் கெர்ட் முல்லரும், சமூக ஜனநாயகக் கட்சியின் தொழிலாளர் அமைச்சர் ஹூபர்ட்டஸ் ஹைலும் சட்டம் கேட்டார்கள். பொருளாதார அமைச்சர் பீட்டர் ஆல்ட்மையர் குறுக்கே நின்றார். தொழிற்சங்கங்கள், தேவாலய அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள் என நூற்றுக்கும் மேற்பட்டவை ஒரே குடையின்கீழ் இயக்கம் நடத்தின. 2019 டிசம்பரில் சட்டம் வேண்டும் என்று கூட்டாகக் கேட்ட நிறுவனங்களில் கிக்கும் ஒன்று. 2021 ஜூன் 11 அன்று 412 வாக்குகளுடன் மசோதா நிறைவேறியது. எதிர்த்தவை 159.

மசோதா நிறைவேற விலையாகக் கொடுத்தது சிறியதல்ல. சட்டத்தை மீறியதற்காகவே நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும் புதிய உரிமை வேண்டாம் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். டோர்ட்மண்டில் மூடிய கதவை இந்தச் சட்டம் திறக்கவில்லை. கண்காணிப்பு, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலகமான 'பாஃபா'விடம் போனது. பெரிய நிறுவனத்துக்கு உலக அளவிலான ஆண்டு விற்பனையில் 2 சதவீதம் வரை அபராதம் போடலாம். 2023 ஜனவரி முதல் ஜெர்மனியில் 3,000 பேராவது பணியாற்றும் நிறுவனங்கள், அடுத்த ஆண்டிலிருந்து 1,000 பேராவது உள்ளவையும் என்று நடைமுறைக்கு வந்தது.

முதல் சோதனை எங்கோ ஆசியாவில் வரவில்லை, ஜெர்மனியின் ஏ5 நெடுஞ்சாலையிலேயே வந்தது. 2023-இல், டார்ம்ஸ்டாட் அருகே கிரேஃபென்ஹவுசன் லாரி நிறுத்தத்தில், போலந்து நிறுவனமொன்றின் லாரிகளை ஓட்டிவந்த ஜார்ஜிய, உஸ்பெக் ஓட்டுநர்கள் சம்பளப் பாக்கிக்காக வண்டியை நிறுத்தினார்கள். வாரக்கணக்கில் அங்கேயே சமைத்து, அங்கேயே தூங்கினார்கள். ஏப்ரலில் மூன்று லட்சம் யூரோவுக்கு மேல் பாக்கி கைக்கு வந்தது. கோடையில் மறுபடி ஒரு வேலைநிறுத்தம், உண்ணாவிரதம் வரை போனது. லாரியில் இருப்பது யாருடைய சரக்கு என்று சரக்குச் சீட்டுகள் சொல்லின. அந்த நிறுவனங்களிடம் பாஃபா கேள்வி கேட்டது. எந்த ஜெர்மன் நிறுவனத்தோடும் வேலை ஒப்பந்தம் இல்லாதவர்கள் அந்த ஓட்டுநர்கள்.

நம் பக்கம் வருவோம். திருப்பூர் ஏற்றுமதியாளர் ஜெர்மன் கடைக்கு நேரடியாகச் சரக்கு அனுப்பினால், சட்டத்தின் முழுக் கவனமும் அவர் மேல் விழும். அவருக்கு நூல் கொடுக்கும் திண்டுக்கல், ஈரோடு மில்கள் மறைமுக சப்ளையர்கள். அங்கே நடப்பது பற்றிக் குறிப்பான தகவல் காதுக்கு வந்தால் மட்டுமே ஜெர்மன் நிறுவனம் அசைய வேண்டும். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கிராமத்துப் பெண்களை விடுதியில் அடைத்து, மூன்று ஆண்டு முடிந்தால்தான் கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் என்று வேலை வாங்கியது இந்த மில்களில்தான். கொடுமை அதிகமாக இருந்த இடத்துக்குச் சட்டத்தின் பார்வை மங்கலாகவே போய்ச் சேர்கிறது. இது சட்டத்தின் ஆகப் பெரிய குறை என்பேன். சட்டத்துக்கு வெளியேயும் ஒரு வழி உண்டு. திண்டுக்கல்லில் ஓர் இளம் தொழிலாளி மேற்பார்வையாளரால் கொல்லப்பட்ட பின், 2022-இல் பெண்கள் தலைமையிலான டிடிசியு சங்கம், ஏற்றுமதி நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், அதனிடம் ஆடை வாங்கிய எச் அண்ட் எம் ஆகியவற்றோடு போட்ட திண்டுக்கல் உடன்பாடு, எந்த நாட்டுச் சட்டத்துக்கும் காத்திராமல் வாங்குபவரைக் கையெழுத்தால் கட்டியது.

பெர்லினில் இப்போது காற்று திசை மாறிவிட்டது. சான்சலர் மெர்ஸின் அமைச்சரவை 2025 செப்டம்பரில், நிறுவனங்கள் ஆண்டறிக்கை தரும் கடமையை நீக்கி, அபராதத்தைக் கடுமையான மீறல்களுக்கு மட்டும் என்று சுருக்கும் மசோதாவை ஏற்றது. டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியமும் இதேபோன்ற தன் சட்டத்தை 5,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களோடு நிறுத்திக்கொள்ள உடன்பட்டது. ஒன்றாகச் சேர்ந்து சந்தையைத் திறந்த அரசுகள், சேர்ந்தே பொறுப்பைக் குறைக்கின்றன. ஜெர்மன் மசோதா கைவைக்காமல் விட்டது புகார் வழி. மறைமுக சப்ளையரிடம் வேலை செய்பவரும் ஜெர்மன் நிறுவனத்திடம் புகார் சொல்லலாம். அவர் பெயரைக் காக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. ஆதாரத்தோடு தகவல் வந்துவிட்டால், தெரியாது என்று சொல்ல முடியாது. திருப்பூர், திண்டுக்கல் சங்கங்கள் அந்தப் புகாரை இப்போதே எழுத வேண்டும். ஜெர்மனியில் உள்ள சங்கங்களின் கைக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.