தொலைகாட்டியில் ஏறிய வடங்கள்

அம்பாறை மாவட்டக் கரையோரத்தில், அக்கரைப்பற்றுக்குத் தெற்கே, திருக்கோவிலை ஒட்டிக் கிடக்கும் தம்பிலுவில் ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டில் அமைந்திருப்பதால், அங்கிருந்து நோக்குவோருக்குத் துருவ நட்சத்திரம் வட அடிவானத்திலிருந்து 7 பாகை அளவிலேயே நின்றுவிடுகிறது. கடற்கரையின் ஈரப்புகாரும் தென்னந்தோப்புகளும் சேர்ந்து அதையும் பல இரவுகளில் மறைத்துவிடுகின்றன. கல்முனை தொடங்கிப் பொத்துவில் வரையான கரை முழுவதற்கும் பெரிதும் இதுவே நிலை. ஆனால் அதே இடத்தில் தென்திசை தாராளமாகத் திறந்துகிடக்கிறது: இலண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ காணவே முடியாத ஒமேகா சென்டோரி என்னும் விண்மீன் கொத்து இங்கு 35 பாகை உயரம் வரை ஏறுகிறது, தென்சிலுவையும் கரீனா நெபுலாவும் அதனதன் பருவத்தில் முழுமையாகத் தெரிகின்றன, கிழக்கே மீன்பிடிப் படகுகளின் விளக்குகளைத் தவிர வேறு வெளிச்சம் இல்லாத கடல். விண்ணை ஒளிப்படம் எடுப்போர் விரும்பக்கூடிய வானம் இது. எனினும் அவர்கள் கையாளும் கருவி உயர் அகலக்கோட்டு நாடுகளில் பிறந்து வளர்ந்தது என்பதால், இந்தக் கரைக்கு வரும்போது அது சில சிக்கல்களையும் கூடவே கொண்டுவருகிறது. அவற்றுள் பாதி, கருவியின் மேல் தொங்கும் வடங்களைப் பற்றியவை. விண்மீனைப் பின்தொடரும் கருவி செய்யும் கலை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பெரிதும் தேறிவிட்டது. அதன் மேல் ஏற்றப்படும் சுமைக்கும் கம்பிகளுக்கும் இடம்காணும் வேலைதான் அதன் பின்னான வரலாற்றின் பெரும்பகுதி.

பூமி தன் அச்சில் ஒருமுறை சுழல 23 மணி 56 நிமிடம் 4 விநாடி எடுப்பதால், வான நடுவரைக்கு அருகிலுள்ள விண்மீன் ஒரு விநாடிக்கு 15 வில்விநாடி வீதம் மேற்கு நோக்கி நகர்வதுபோலத் தோன்றுகிறது (வில்விநாடி என்பது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு). தொலைகாட்டியைத் தாங்கும் இரண்டு அச்சுகளில் ஒன்றைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைத்தால், அந்த ஒன்றை மட்டும் சீராகச் சுழற்றி விண்மீனைப் பார்வையில் நிறுத்திவைக்கலாம். சாய்க்கப்பட்ட அந்த அச்சைத் துருவ அச்சு என்பர். ஜெர்மானியக் கண்ணாடிக் கலைஞர் யோசப் ஃபிரவுன்ஹோபர் 1824ஆம் ஆண்டில் டோர்பாட் நகருக்கு, அதாவது இன்றைய எஸ்தோனியாவின் தார்த்துவுக்கு, செய்து அனுப்பிய 24 சென்ரிமீற்றர் தொலைகாட்டியில், கீழிறங்கும் எடையால் ஓடும் மணிப்பொறி ஒன்று இந்தச் சுழற்சியை நிகழ்த்தியது. தொலைகாட்டி ஒரு பக்கமும் அதற்கு ஈடான எதிர்எடை மறுபக்கமுமாக அவர் அமைத்த வடிவம் இன்றும் ஜெர்மானியத் தாங்கி என்றே அழைக்கப்படுகிறது. கடையில் இன்று விலைக்குக் கிடைக்கும் சிறு தாங்கிகளில் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்களே.

தமிழ் நிலத்தில் வானியல் நிலைபெற்றபோது இந்தத் தொடர்தல் தேவைப்படவில்லை. வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் தனியார் முயற்சியாகத் தொடங்கி, பின்னர் கிழக்கிந்தியக் கம்பனியின் உடைமையாகி, 1792இல் மைக்கல் டொப்பிங்கின் திட்டப்படி கட்டடம் பெற்ற சென்னை வானாய்வகத்தில், கருவி வடக்குத் தெற்காக மட்டுமே அசையும். விண்மீன் தானே வந்து உச்சிவரையைக் கடக்கும் நொடியைக் குறிப்பதே நோக்குநரின் பணி. தோமஸ் கிளன்வில் டெய்லர் 1844இல் வெளியிட்ட, பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் பட்டியல் அவ்வாறு உருவானதே. துருவ அச்சோடு கூடிய தொலைகாட்டிகள் அங்கு வந்து சேர்ந்தது சற்றுப் பிந்தித்தான்: 1850இல் பாரிஸின் லெரெபூர் செக்ரதான் நிறுவனத்தின் 15 சென்ரிமீற்றர் கருவியும், 1866இல் இலண்டனின் ட்ரௌட்டன் சிம்ஸ் செய்த 20 சென்ரிமீற்றர் கருவியும் வந்தன. அந்த வானாய்வகத்தை உலகோடு இணைத்த மின்கம்பியும் தொலைகாட்டியை அசைக்க வந்ததன்று, நேரத்தைச் சுமக்க வந்தது. சென்னை நேரம் தந்தி வழியாகப் பரவி இந்திய இரயில்வேக்களின் பொது நேரமாயிற்று. 1870களில் நில அளவைத் துறையினர் ஊர்களுக்கிடையிலான நெடுங்கோட்டு வேறுபாட்டையும் தந்திக் குறிகளைக் கொண்டே கணித்தனர்.

1871 டிசம்பர் 12ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவைக் கடந்து இலங்கையின் வடபகுதி மீது சென்றபோது, நோர்மன் லொக்யர் தலைமையில் வந்த ஆங்கிலேயக் குழு பேக்கல், புதுக்கோட்டை, யாழ்ப்பாணம், திருகோணமலை எனப் பல இடங்களுக்குப் பிரிந்து சென்றது. பின்னாளில் சலெஞ்சர் கப்பற் பயணத்தில் பங்கேற்ற இயற்கையியலாளர் ஹென்றி மோஸ்லி திருகோணமலையில் நோக்கியோருள் ஒருவர். கிழக்குக் கரையைப் பொறுத்தவரை இது கவனத்துக்குரிய நிகழ்வு. இங்கிலாந்தின் 51 பாகைக்கென வடிக்கப்பட்ட எந்தத் தாங்கியையும் இங்கே 9 பாகைக்கு இறக்கியாக வேண்டும். அதாவது, பாதி நிமிர்ந்து நின்ற துருவ அச்சு ஏறக்குறைய படுத்துவிடும். அச்சு படுத்தால் எடைச் சமநிலை, முக்காலியின் இடைவெளி, கைக்கெட்டும் தூரம் எல்லாமே மாறுகின்றன, இன்று தம்பிலுவிலில் ஒருவர் தாங்கியை நிறுத்தினாலும் இதே கணக்குத்தான்.

ஒளிப்படத் தகடு வந்த பிறகு தொடர்தலின் தரம் பற்றிய எதிர்பார்ப்பு முற்றிலும் வேறாயிற்று. கண் சிறு தடுமாற்றங்களைப் பொறுத்துக்கொள்ளும், தகடு பொறுக்காது. ஹென்றி டிரேப்பர் 1880 செப்டெம்பரில் ஓரியன் நெபுலாவை 51 நிமிடம் ஒளிபடவைத்துப் படம் பிடித்ததற்குப் பின்னர், மணிப்பொறி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதன் பற்சக்கரப் பிழையை மனிதக் கை திருத்த வேண்டும் என்பது வழக்கமாயிற்று. பக்கத்திலேயே பூட்டிய இன்னொரு சிறு தொலைகாட்டியில் ஒரு விண்மீனைக் குறுக்கு நூலின் மேல் நிறுத்தி, அது விலகும்போதெல்லாம் திருகைத் திருப்பியவாறு மணிக்கணக்கில் குளிரில் அமர்ந்திருப்பதே வழிநடத்தல் எனப்பட்டது.

கொடைக்கானல் இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகியது. 1899இல் சென்னையின் வானியற் பணி பழனி மலையில் ஏறத்தாழ 2,340 மீற்றர் உயரத்துக்கு மாற்றப்பட்டு, மிச்சி ஸ்மித்தின் பொறுப்பில் சூரிய ஆய்வாகத் திசைதிரும்பியது. 1904இல் அங்கு நிறுவப்பட்ட கேம்பிரிட்ஜ் நிறமாலைச் சூரியப் பதிவுக் கருவி கனமும் நீளமும் கொண்டது. அதைத் தொலைகாட்டியோடு சேர்த்துச் சுழற்றுவது நடவாத காரியம். ஆகவே கருவியைத் தரையில் அசையாமல் கிடத்திவிட்டு, 46 சென்ரிமீற்றர் கண்ணாடி ஒன்றை மட்டும் மணிப்பொறியால் திருப்பி, சூரிய ஒளியை ஒரே திசையில் உள்ளே செலுத்தினர். லியோன் ஃபூக்கோ என்ற பிரெஞ்சு இயற்பியலாளரின் பெயரால் வழங்கும் இந்த அமைப்பில் நகர்வது கண்ணாடி ஒன்றே என்பதால், எஞ்சிய எதன் எடையும் இழுப்பும் தொடர்தலைத் தொடுவதில்லை. சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு புறநோக்கிப் பாய்வதை 1909இல் ஜோன் எவர்ஷெட் கண்டறிந்தது இந்த மலையில்தான். அந்தக் கண்டுபிடிப்பைப் பேசும் நூல்கள் கண்ணாடியைத் திருப்பிய மணிப்பொறியைப் பெரும்பாலும் ஒரு வரியோடு விட்டுவிடுவது சிறிது அநீதியே.

எடை இறங்கும் மணிப்பொறியின் இடத்தை இருபதாம் நூற்றாண்டில் மின்மோட்டர் பிடித்தது. மாறுமின்னோட்டத்தின் அலைவெண்ணுக்கு ஒத்த வேகத்தில் சுழலும் மோட்டர் சிறு தொலைகாட்டிகளுக்கும் மலிவாகக் கிடைத்தபோது, மின்னிலையத்தின் அலைவெண்ணே தொலைகாட்டியின் கடிகாரமாயிற்று. அமெரிக்காவின் 60 ஹேர்ட்ஸுக்கெனச் செய்த மோட்டரை இலங்கையின் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் செருகினால் அது ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். விண்மீன் முன்னே போகத் தொலைகாட்டி பின்தங்கும். இதற்கென அலைவெண்ணை மாற்றிக்கொடுக்கும் சிறு பெட்டிகள் செய்யப்பட்டன. கையில் பிடித்த பொத்தானால் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது அவற்றின் கூடுதல் பயன். அந்தப் பொத்தானிலிருந்து தாங்கிக்கு ஓடிய நீண்ட கம்பியே இன்றைய வடக்கற்றையின் மூத்த உறுப்பினர் எனலாம்.

சவ்வாது மலையின் காவலூரில் வேணு பாப்பு 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய வானாய்வகம், தென்வானம் தெரியும் தாழ்ந்த அகலக்கோட்டை வேண்டியே அமைந்தது. 1972இல் நிறுவப்பட்ட 1 மீற்றர் தொலைகாட்டியில் 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்த நிகழ்வு ஒளிமானியால் பதிவாகி, அக்கோளின் வளையங்கள் அறியப்பட்டதில் பங்களித்தது. 1986 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட 2.3 மீற்றர் தொலைகாட்டியின் உச்சியில், முதன்மைக் குவியத்தில், நோக்குநர் தாமே கூண்டில் அமர்ந்து பணியாற்றிய காலமும் உண்டு. பின்னர் அதே குவியத்திலிருந்து 45 மீற்றர் நீளமான ஒளியிழை ஒன்று விண்மீனின் ஒளியைக் கீழே தரையில் நிலையாக நிற்கும் நிறமாலைமானிக்குக் கொண்டுவந்தது. கொடைக்கானலின் கண்ணாடிக்கும் காவலூரின் ஒளியிழைக்கும் இடையில் ஒரு நூற்றாண்டு கழிந்திருப்பினும் இரண்டின் சூத்திரம் ஒன்றே: நகரும் பாகத்திலிருந்து கனத்தைக் கழற்றிவிடுதல்.

பொழுதுபோக்கு ஒளிப்படக்காரரின் வரலாறு நேர் எதிராக ஓடியது. அவர்களுக்குக் கட்டடமும் இல்லை, தரையில் கிடத்த இடமும் இல்லை. எல்லாவற்றையும் நகரும் பாகத்திலேயே ஏற்ற வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மீட் நிறுவனம் 1992ஐ ஒட்டி வெளியிட்ட கணினிக் கட்டுப்பாட்டுத் தொலைகாட்டி, விண்பொருளின் பெயரைத் தட்டினால் தானே அதை நோக்கித் திரும்பியது. ஏறத்தாழ அதே காலத்தில் சான்ரா பார்பரா நிறுவனத்தின் எஸ்.டி.-4 என்னும் தானியங்கி வழிநடத்தி, டிரேப்பர் காலத்துக் கையின் வேலையை ஒரு சிறு மின்னணுக் கமெராவிடம் ஒப்படைத்தது: அது விண்மீனின் விலகலை அளந்து, நான்கு திசைக்கு நான்கு கம்பியும் பொதுக் கம்பி ஒன்றுமாகத் தாங்கிக்குக் கட்டளை அனுப்பியது. அந்தக் கருவி சந்தையிலிருந்து மறைந்து நெடுங்காலம் ஆகியும், தொலைபேசிச் செருகியை ஒத்த அதன் துவாரம் அதே பெயரோடு தாங்கிகளில் இன்றும் இருக்கிறது. பல தாங்கிகளில் கைக்கட்டுப்பாட்டுக்கான துவாரமும் ஏறத்தாழ அதே தோற்றம் உடையதாக இருப்பது வடிவமைப்பின் குறை என்றே கொள்ள வேண்டும். இருட்டில் மாற்றிச் செருகி மின்பலகையைக் கருக்கியோர் பலர்.

இன்றைய ஒரு சிறு தொகுதியில் பிரதான கமெரா, அதன் குளிர்விப்பான், வழிநடத்தும் கமெரா, குவியத்தைத் திருத்தும் மோட்டர், வடிகட்டிச் சில்லு, பனி படியாமல் வில்லையைச் சுற்றிக் கட்டும் வெப்பப் பட்டி ஆகிய ஒவ்வொன்றுக்கும் மின்சாரத்துக்கு ஒரு வடமும் பலவற்றுக்குத் தரவுக்கு யூ.எஸ்.பி. வடம் ஒன்றும் வேண்டும். அவற்றின் இழுப்பு அற்பமானதாகத் தோன்றலாம். தாங்கியின் அச்சிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளியுள்ள கமெரா ஒரு வில்விநாடி விலக, மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு அசைவு போதும். 1 மீற்றர் குவியத்தூரம் உடைய தொலைகாட்டியில் இன்றைய கமெராவின் ஒரு படப்புள்ளி வானத்தில் முக்கால் வில்விநாடியளவே இருப்பதால், காற்றில் ஆடும் ஒரு வடத்தின் நுனி விண்மீனை நீள்வட்டமாக்கிவிடும். மின்சாரத்திலும் இதே நுணுக்கம் உண்டு: 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து 3 மீற்றர் தூரத்துக்கு 0.33 சதுர மில்லிமீற்றர் மெல்லிய கம்பியில் 5 அம்பியர் ஓடினால், போக்கு வரவு இரண்டிலுமாக ஒன்றரை வோல்ற்றுக்கு மேல் வழியிலேயே இழக்கப்பட்டு, மோட்டர் திக்கத் தொடங்கும். கம்பியை 1.5 சதுர மில்லிமீற்றருக்குத் தடிப்பாக்கினால் இழப்பு மூன்றில் ஒரு வோல்ற்றாகச் சுருங்குகிறது.

ஜெர்மானியத் தாங்கியில், இலக்கு உச்சிவரையைத் தாண்டியபின் தொலைகாட்டி முக்காலியில் மோதாதிருக்க இரண்டு அச்சுகளும் அரைச் சுற்றுத் திரும்பி, மேற்கே இருந்த குழாய் கிழக்கே போகிறது. தொங்கும் வடங்கள் எதிர்எடைத் தண்டில் சுற்றுவதும், திருகில் மாட்டி அறுவதும் அந்த நிமிடத்தில்தான். அதனால் அனுபவமுள்ளோர் எல்லா வடங்களையும் குழாயில் ஒரே கற்றையாகக் கட்டி, அசைவு மிகக் குறைந்த இடமாகிய இரண்டு அச்சுகளின் சந்திப்புக்கு அருகே கொண்டுவந்து, அங்கிருந்து அரைச் சுற்றுக்குப் போதிய தளர்ச்சி விட்டு இறக்குவர். விலை உயர்ந்த தாங்கிகளில் அச்சையே உள்ளீடற்றதாக்கி வடத்தை அதனுள் விடுகின்றனர். தம்பிலுவில் போன்ற 7 பாகை இடத்தில் துருவ அச்சு ஏறக்குறையப் படுத்திருப்பதால் எதிர்எடைத் தண்டு நேர் கீழே தொங்கி முக்காலியின் வடக்குக் காலைத் தொடும். ஒற்றைக் காலைத் தெற்கே திருப்பி, தண்டு இரு கால்களுக்கு இடையில் இறங்குமாறு செய்வது அதற்கான மாற்று. சில தாங்கிகளின் சாய்வுத் திருகு 10 பாகைக்குக் கீழ் இறங்க மறுப்பதும் உண்டு. துருவ நட்சத்திரம் தெரியாதபோது, உச்சிவரைக்கு அருகே ஒரு விண்மீனையும் அடிவானத்துக்கு அருகே இன்னொன்றையும் நோக்கி, அவை வடக்கே ஒதுங்குகின்றனவா தெற்கேயா என்று பார்த்து அச்சைத் திருத்தும் பழைய முறையே, கணினி உதவியோடோ இல்லாமலோ, கைகொடுக்கிறது.

கடற்கரைக்கே உரிய இடர் உப்பீரம். திறந்துகிடக்கும் செருகிகளின் செப்பும் நிக்கலும் சில மாதங்களில் பச்சை பூத்துத் தடை கூடுவதால், தாங்கி பழுதானது போன்ற தோற்றத்தைத் தரும் கோளாறுகளில் பல உண்மையில் செருகியிலேயே இருக்கின்றன. மூடி போட்டு வைப்பதும், திருகி இறுக்கும் வகைச் செருகிகளைத் தெரிவதும் நடைமுறையில் பலன் தருகின்றன. அண்மைக் காலத்தில் தொலைகாட்டியின் முதுகிலேயே ஏறிவிடும் கைப்பிடி அளவுக் கணினிகள் தரவு வடங்களைக் குறுகிய துண்டுகளாக்கிக் குழாயோடு சேர்ந்தே சுழலவைக்க, கட்டளைகள் கம்பியில்லா வலையமைப்பில் கைபேசியிலிருந்து வருகின்றன. ஆயினும் யூ.எஸ்.பி. 3 வடங்கள் எழுப்பும் இரைச்சல் அந்த வலையமைப்பின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையைக் குழப்புவதால், சிலர் கணினியிலிருந்து வீட்டுக்குள் மீண்டும் ஒரு வலைப்பின்னல் வடத்தை இழுக்கின்றனர். மின்சாரத்துக்கான வடமோ பெரும்பாலான தொகுதிகளில் இன்னும் நீங்கவில்லை.